இருபத்து மூன்று கதவுகளும் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவும்

மத்திகிரி
27.3.1989

வஜிஹாவுக்கு உன் தாய்மாமன் கௌஸ் மொய்தீனின் ஸலாம்.

உன் கார்டு வந்தது. தபால்காரர் முதலில் தான் படித்து, பிறகு உன் மாமி முனவர் பேகத்துக்கு உரக்கப் படித்துக் காட்டி, மூன்றாவதாகப் போனால் போகிறதென்று என்னிடம் கொடுத்தார். ஆகவே மாட்டுப்பண்ணைக்குப் பின்னால் இருக்கும் என் நிலத்தின் மண்கரையை வெட்டக் கூடாது, அதில் சிலந்தி குடியிருக்கிறது என்ற உன் மகத்தான விண்ணப்பம் இப்போது மத்திகிரி முழுவதற்கும் தெரியும். நேற்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "என்னா பாய், பூச்சிக்கு எடம் ரிசர்வ் பண்ணிட்டீங்களாமே?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், உன்னை நினைத்து.

சிலந்திக்கா இங்கே பஞ்சம்? என் வீட்டுப் பரணில் மட்டும் ஒரு பட்டாளமே இருக்கிறது. வேண்டுமானால் கோணியில் கட்டி சென்னைக்கு லாரியில் ஏற்றுகிறேன். எம்.எஸ்ஸி. முடித்து, அதற்கு மேல் ஆராய்ச்சி என்று ஐந்து வருடம் ஹாஸ்டலில் தின்று, கடைசியில் நீ நம் குடும்பத்துக்குக் கொண்டுவந்தது எட்டுக் கால்!

அதுவும் வலை கட்டத் தெரியாத சிலந்தி. மண்ணில் குழி தோண்டி, வாசலில் கீல் வைத்த கதவு போடுமாம். இருபத்தெட்டு வருடமாக ஃபேக்டரியில் மூடி பார்க்கிற தர இன்ஸ்பெக்டரிடமா கதவைப் பற்றிப் பேசுகிறாய்? பம்ப் மூடி, வால்வு மூடி என்று நான் ரிஜெக்ட் செய்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கிருஷ்ணகிரி மலை அண்ணாந்து பார்க்கும். பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினீயர்களே என் எதிரில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஒரு பூச்சி கதவு செய்ததாம்!

அங்கே நான்கு லைன் வீடு கட்டி, ஃபேக்டரிப் பையன்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன். கரையைச் சீவினால்தான் இடம் சமமாகும். உத்தனப்பள்ளி சென்றாயன் புல்டோசரோடு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வருகிறான். "எதுவரிக்கும் வெட்டணும் பாய்?" என்று கேட்டான். "நான் பெயிண்ட்ல அடையாளம் போட்டு வெக்கிறேன். போட்ட எடத்தை வெட்டு, போடாத எடத்தை வுடு" என்று சொல்லிவிட்டேன். விஷயம் முடிந்தது.

கௌஸ் மொய்தீன்

*

சென்னை
3.4.1989

மாமுவுக்கு வஜிஹா எழுதுவது.

இனிமேல் கார்டு போட மாட்டேன். கவர்தான். தபால்காரர் ஆவி காட்டிப் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் நீளும். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கரையில் மூன்று கதவுச் சிலந்திகளைப் பிடித்தேன். மூன்றும் பெண். அவை புத்தகத்தில் உள்ள எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆண் இல்லாமல் இது புது இனம் என்று எழுத என் பேராசிரியர் விடமாட்டார். பெண் ஆயுள் முழுக்கக் குழியிலேயே கிடக்கும். ஆண் வளர்ந்த பிறகு ஒரே ஒரு முறை, நல்ல மழைக்குப் பின் பெண்ணைத் தேடி வெளியே நடக்கும். அதற்கப்புறம் அது வீடு திரும்பாது. நான்கு வருடம் நான் அங்கே வந்து உட்கார்ந்தபோதெல்லாம் மழை ஏமாற்றியது. ஜூலைக் கடைசிக்குள் ஆய்வைக் கொடுத்தாக வேண்டும். எனக்கு மிச்சமிருப்பது இந்தக் கோடை மழை மட்டும்தான்.

வேறு கரையில் தேடு என்பீர்கள். ராயக்கோட்டை வரைக்கும் தேடியாயிற்று. கலப்பை படாத செம்மண், செங்குத்தான சரிவு, வெயில் நேராக விழாத வடக்குப் பக்கம், மாடு மிதிக்காத இடம். பண்ணை வேலி இருப்பதால் உங்கள் கரைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. குஞ்சுகள் தாயின் குழியிலிருந்து நாலடிக்குள்தான் குழி போடும். கரை போனால் இன்னொரு கரைக்குக் குடிபோக அவற்றுக்குத் தெரியாது.

உங்களுக்கு மூடியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது என்பதால் ஒரு பந்தயம். சந்து அளக்கும் உங்கள் ஃபில்லர் கேஜை எடுத்துக்கொண்டு போங்கள். ரிஜெக்ட் செய்யும்படி ஒரே ஒரு கதவைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் நானே வந்து முதல் மண்வெட்டி போடுகிறேன். முடியாவிட்டால் இரண்டு மழை முடியும்வரை யாரும் கரையைத் தொடக் கூடாது.

பயமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம்.

வஜிஹா

*

மத்திகிரி
11.4.1989

வஜிஹா,

பயமா? எனக்கா? ஞாயிற்றுக்கிழமை நோன்பு வயிற்றோடு, ஃபில்லர் கேஜ், பூதக் கண்ணாடி, குண்டூசி, குடை சகிதம் படையெடுத்தேன். காலை ஏழு மணிக்குக் கரை எதிரில் உட்கார்ந்தேன். பத்து மணிவரை மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மருமகள் ஐந்து வருடம் வெறும் மண்ணை ஆராய்ந்திருக்கிறாள் என்று எழுந்துவிட்டேன். எழும்போது வெயில் சாய்வாக விழுந்து, நகக்கீறல் போல ஒரு பிறை தெரிந்தது.

கதவு! நாலணா அகலம். மேலே கரையில் உள்ள அதே பாசி, அதே நிறம். கீல் மேல்பக்கம், கையை எடுத்தால் தன் கனத்திலேயே விழுந்து மூடிக்கொள்கிறது. எங்கள் டிசைன் ஆபீஸில் இருக்கும் டை கட்டிய மேதைகளாக இருந்தால் இதற்கு ஒரு ஸ்பிரிங், இரண்டு போல்ட், ஒரு மீட்டிங் போட்டிருப்பார்கள்.

ஃபில்லர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை இடுக்கில் கொடுத்தேன். தலைமுடி நுழையும் சந்தில் நுழைகிற தகடு அது. நுழையவில்லை. அழுத்தினேன்; தகடு வளைந்தது. குண்டூசியால் கதவை மெல்ல நெம்பினேன்.

உள்ளேயிருந்து இழுத்தது!

வஜிஹா, ரிஜெக்ட் செய்ததற்காக என்னோடு சண்டை போட்ட டர்னர் உண்டு, ஃபிட்டர் உண்டு, யூனியன் செயலாளர் உண்டு. சண்டை போட்ட மூடியை இப்போதுதான் பார்க்கிறேன். நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். கால் மணி நேரம் இழுபறி. அந்தப் பக்கம் குறைந்தது இரண்டு எருமை இருந்திருக்க வேண்டும். ஊசிதான் வளைந்தது.

ஓரம் உடைந்த கதவு ஒன்று கிடைத்தது. துள்ளிக் குதித்து ரிஜெக்ட் என்று கத்திவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த பண்ணை மாடுகள் திரும்பிப் பார்த்தன. திறந்தால் உள்ளே ஆளில்லை. ஏதோ குளவி தின்றுவிட்டுப் போன கூடு. காலி வீட்டுக் கதவை ரிஜெக்ட் செய்வது தொழில் தர்மம் அல்ல.

உன் பூச்சி பாஸ் என்று நான் சொல்லவில்லை. ரிஜெக்ட் செய்யக் காரணம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு மழை. அதற்கு மேல் ஒரு தூறல்கூடக் கிடையாது.

கௌஸ் மொய்தீன்

*

சென்னை
18.4.1989

மாமு,

தோற்றவர் நாலு பக்கம் எழுதுவார் என்று தெரியும்.

சொல்வதை மட்டும் செய்யுங்கள். மூளையைப் பயன்படுத்த வேண்டாம். கரையின் அடியில், நீளத்துக்கு ஆறு இடத்தில், வாயகன்ற ஜாடிகளைத் தரைமட்டத்துக்குப் புதையுங்கள். மேலே நாலு கல் வைத்து ஓடு ஒன்றைக் கூரையாக வையுங்கள், மழைநீர் விழாமல். நடந்து வரும் ஆண் உள்ளே விழும். மழை முடிந்த காலையில் பாருங்கள். வாயருகே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டைக் கைகளின் நுனியில் உருண்டையாக, பாக்சிங் உறை போட்டதுபோல இருந்தால் அது ஆண். ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. சென்றாயனிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த வரி இல்லை.

வஜிஹா

*

மத்திகிரி
25.4.1989

வஜிஹா,

முனவர் பேகத்தின் ஊறுகாய் ஜாடிகள் ஆறும் மண்ணுக்குள் போய்விட்டன. அவள் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் இவ்வளவு நிம்மதி இருந்ததே இல்லை.

ஆராய்ச்சிக்காரி ஐந்து வருடத்தில் எத்தனை கதவு கண்டுபிடித்தாய்? மூன்று. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை? இருபத்து மூன்று! படிப்பு வேறு, கண் வேறு. இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. கரையின் மேற்குக் கோடியில் புங்கமரத்தடியில் ஒரு பன்னிரண்டு அடி மட்டும் காலி. அங்கேயும் கையை ஊன்றி, மூக்கை வைத்துத் தேடிவிட்டேன். வெறும் மண். சிலந்திக்கே பிடிக்காத இடம்.

எங்கள் ஃபேக்டரியில், முடிவு தெரியும்வரை தொடக் கூடாத சரக்குக்குச் சிவப்புப் பொட்டு வைப்போம். ஜெனரல் மேனேஜரே ஆனாலும் சிவப்பைத் தாண்டிக் கை வைக்க மாட்டார். அதே பெயிண்ட், அதே பிரஷ். ஒவ்வொரு கதவைச் சுற்றியும் ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் நம்பர். இருபத்து மூன்றும் அமர்க்களமாக ஜொலிக்கின்றன. ஹைதராபாத் நிஜாமின் கஜானாவுக்குக்கூட இப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருக்காது.

சென்றாயனைப் பற்றிக் கவலைப்படாதே. பார்க்கும்போது சொல்கிறேன்.

கௌஸ் மொய்தீன்

*

மத்திகிரி
12.5.1989

வஜிஹாவுக்கு,

நலம். பெருநாளுக்குக் கிருஷ்ணகிரியில் உன் அம்மா வீட்டில்தான் இருந்தோம், மூன்று நாள். உன் அம்மா ரோஷன் பீ சேமியா வைத்தாள். முந்திரி போதாது. பாலும் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஆனாலும் சேமியா உதிரி உதிரியாக நன்றாக வந்தது. பிரியாணிக்கு வந்த ஆடு பாரூர் பக்கத்து ஆடு. வெயில் அதிகம். முனவர் பேகம் பேச ஆரம்பித்துவிட்டாள். ஃபேக்டரியில் புது மெஷின் வந்திருக்கிறது.

மழை இன்னும் இல்லை. வேறு விசேஷம் இல்லை.

கௌஸ் மொய்தீன்

*

சென்னை
18.5.1989

மாமுவுக்கு,

சேமியா பற்றி நாலு வரி. ஆட்டின் சொந்த ஊர் ஒரு வரி. கரை பற்றி ஒன்றுமே இல்லை. உங்கள் கடிதத்தில் பொய்யே இல்லாததைப் பார்த்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். மாமி சொன்னதையெல்லாம் அம்மா எழுதிவிட்டாள்.

நீங்கள் சேமியாவில் முந்திரி எண்ணிக்கொண்டிருந்தபோது சென்றாயன் வந்திருக்கிறார். பெயிண்ட் போட்ட இடத்தை வெட்டு, போடாத இடத்தை விடு என்று நீங்களே சொன்னபடி, இருபத்து மூன்று சிவப்பு வட்டத்தையும் ஒன்று விடாமல் வெட்டி எடுத்திருக்கிறார். அவரை எதற்குக் குறை சொல்வது? சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவர்தான். நம்பர் போட்டுக் கொடுத்தீர்களே, சரிபார்க்க அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஐந்து வருடம் அந்தக் கரையை யாரும் தொடவில்லை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. அதனால் பத்திரமாக இருந்தது. ஒரு நிபுணர் காப்பாற்றப் போனார், தரைமட்டமாகிவிட்டது.

பேராசிரியரிடம் சொன்னேன். "அப்படியானால் மூன்று பெண்ணை வைத்துக்கொண்டு என்ன எழுதுவாய்?" என்றார். தெரியாது என்றேன். ஜூலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருவேன். ஏதாவது பள்ளிக்கூடத்தில் தவளை அறுத்துக் காட்டுகிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். சிவப்புப் பெயிண்ட் மிச்சமிருந்தால் உங்கள் நெற்றியில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வஜிஹா

*

மத்திகிரி
29.5.1989

வஜிஹா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் பார்சலைத் திறந்து பார்த்த பிறகு கிழி.

சென்றாயனை நான் பார்க்காமல் இல்லை. பெருநாளுக்கு முன்னால் இரண்டு முறை ராயக்கோட்டை ரோட்டில் எதிரில் வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். பூச்சிக்காக வேலையை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டவுன் பஸ்ஸில் உன்னைக் கேலி செய்து சிரித்தவன் நான். அதே பஸ் நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்றுதான். வாய் பேசாததைப் பெயிண்ட் பேசிவிடும் என்று நினைத்தேன். அவனிடம் பெயிண்டைப் பற்றி நானே சொன்னது, பிரஷைக் கையில் எடுத்தபோது நினைவுக்கு வரவில்லை. இருபத்தெட்டு வருடம் சிவப்பு என்றால் தொடாதே என்றுதான் இந்தக் கை பழகியிருக்கிறது.

போய்க் கேட்டபோது அவன், "என்னா பாய் இப்பிடி சொல்றீங்க? இருவத்தி மூணு வட்டம், நம்பரோட! சர்வேயர்கூட இவ்ளோ சுத்தமா அடையாளம் போடமாட்டான்னு நம்ம டிரைவர் மெச்சிக்கினு இருந்தான்" என்றான். அப்படிப் பாராட்டு வாங்கிய நாளில்தான் உனக்குச் சேமியாக் கடிதம் எழுதினேன்.

சனிக்கிழமை மாலை மழை பிடித்தது. ஓசூரே மிதந்து கர்நாடகாவுக்குப் போய்விடும் போலப் பெய்தது. (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். முழங்கால் அளவு.) ஞாயிறு காலை போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. ஊறுகாய் ஜாடிகளில் ஐந்து புல்டோசரோடு போய்விட்டன. புங்கமரத்தடியில், பெயிண்ட் இல்லாததால் சென்றாயன் விட்டுவைத்த பன்னிரண்டு அடிக் கரையின் கீழே ஆறாவது மட்டும் இருந்தது. ஓட்டைத் தூக்கினேன். இரண்டு வண்டு, ஒரு தேள் குஞ்சு. அப்புறம் கறுப்பாக, நெட்டைக் காலோடு, பாக்சிங் உறை மாட்டிக்கொண்டு இரண்டு பேர். ஒருவருக்கு ஒரு கால் இல்லை; அது என் தப்பு அல்ல.

நான் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிய இடம் அது. அன்று சாயங்காலம் திரும்பப் போய், கண்ணாடியும் இல்லாமல் கேஜும் இல்லாமல் சும்மா உட்கார்ந்தேன். வெளிச்சம் இறங்கும் நேரம். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் கை ஊன்றி நின்ற இடத்தில், என் கட்டைவிரல் பதிந்த பள்ளத்துக்குப் பக்கத்தில், மண் கொஞ்சம் எழும்பியது. இரண்டு கால் நுனி வெளியே வந்தது. ஒரு எறும்பு போயிற்று, எறும்பைக் காணோம். மண் திரும்ப மண்ணாகிவிட்டது. எங்கே என்று என் கண்ணாலேயே சொல்ல முடியவில்லை.

கௌஸ் மொய்தீன்

*

சென்னை
6.6.1989

மாமு,

பார்சல் வந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்தெட்டு வருட இன்ஸ்பெக்டர்! பாதி ஸ்பிரிட் தபால் பைக்குப் போய்விட்டது.

இரண்டும் ஆண்தான். பேராசிரியர் மைக்ராஸ்கோப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் "எழுது" என்று ஒரு வார்த்தை சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்காக நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: நடந்தது என்னவென்று புரிந்ததா? உங்கள் கண்ணில் பட்ட இருபத்து மூன்றும் போய்விட்டன. உங்கள் கண்ணுக்கே தப்பியவைதான் பிழைத்திருக்கின்றன. அந்தக் கரையில் இத்தனை காலமாகக் குளவிதான் இன்ஸ்பெக்டர். இந்த வருடம் நீங்கள். இரண்டு பேரையும் ஏமாற்றுகிற மாதிரி கதவு செய்தவை மட்டும் மிச்சம்.

ஆய்வில் எழுத வேண்டும்: அந்தப் பன்னிரண்டு அடியில் எத்தனை குழிகள்? எண்ணி எழுதுங்கள். பெயிண்ட் டப்பாவைத் தொட்டால் கிருஷ்ணகிரிக்கு வந்து அம்மாவுக்கு அந்தச் சேமியாக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டுவேன்.

வஜிஹா

*

மத்திகிரி
14.6.1989

வஜிஹா,

லைன் வீடு நான்கு அல்ல, மூன்று. புங்கமரத்தடியில் கட்டவில்லை. சென்றாயன் ஏன் என்று கேட்டான். இந்த முறை வாய் வந்தது: "அங்க ஒரு பூச்சி இருக்குது. அதுக்காகத்தான் வுட்டுட்டேன்" என்று உண்மையையே சொன்னேன். அவன் நம்பவில்லை. "சும்மா சொல்லு பாய், உள்ள என்னா இருக்குது?" என்று துளைத்தான். வேறு வழியில்லாமல், தாம்பாளம் அளவு சிலந்தி, கதவை இழுத்துச் சாத்தினால் மனிதன் விரல் துண்டாகிவிடும், பண்ணையில் ஒரு கன்றுக்குட்டியை மூக்கைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. உடனே நம்பிவிட்டான். இப்போது டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் கை நீட்டக்கூட யாருக்கும் துணிச்சல் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தால் ஸலாம் வைக்கிறான்.

லைன் வீட்டுக்குத் தச்சர் கதவு மாட்டினார். கீழே இருக்கும் சந்தில் ஆட்டுக்குட்டி குனியாமல் போய்வரும். மூன்று கதவையும் ரிஜெக்ட் செய்தேன். "எந்த ஊர்ல பாய் சந்தே இல்லாத கதவு இருக்குது?" என்று கத்தினார். கூட்டிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன். கரையை மேலும் கீழும் பார்த்தார். "கதவு எங்க?" என்றார். "அதைத்தான் சொல்றேன்" என்றேன். நான் பைத்தியம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நீ கேட்ட கணக்கு. ஞாயிறு காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்தேன். பெயிண்ட் டப்பா வீட்டில், முனவர் பேகத்தின் அரிசி டிரம்முக்குள், பூட்டுக்குள். கையில் நோட்டும் பென்சிலும் மட்டும். ஒன்று எழுதினேன், சந்தேகம் வந்து அடித்தேன். இரண்டு எழுதினேன், அதையும் அடித்தேன்.

உன் ஆய்வில் இப்படிப் போட்டுக்கொள்: எத்தனை கதவுகள் என்று இன்ஸ்பெக்டர் கௌஸ் மொய்தீனுக்குத் தெரியவில்லை.

யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லப்போகிறேன். என் ஆயுளில் முதல் தடவையாக, கூட்டிச் சொல்லாமல்.

கௌஸ் மொய்தீன்